ரயில் அட்டவணையும் கடன் பத்திரமும்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சனிக்கிழமை கெண்டிலிருந்து ஈப்பர் போகிறோம் என்று சொன்னாயே, அப்போது நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடியாது. "சரயேவோவில் ஒரு பையன் சுட்டதற்கு பெல்ஜியத்தில் ஏனம்மா இத்தனை கல்லறை?" பள்ளிக்கூடப் புத்தகம் முதல் உலகப் போருக்குக் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, தேசியவாதம் என்று நாலு காரணம் போட்டு முடித்துவிடும். அவை பொய்யில்லை. ஆனால் கூட்டணியும் ஆயுதப் போட்டியும் 1908இலும் இருந்தன, 1912இலும் இருந்தன. அப்போது மூளாத போர் 1914இல் ஏன் மூண்டது என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை கிடையாது.

சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்டது 1914 ஜூன் 28. பிரிட்டன் போருக்குள் வந்தது ஆகஸ்ட் 4. நடுவில் 37 நாள். இந்த 37 நாளைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

சுட்ட பையன் காவ்ரிலோ பிரின்சிப்புக்கு அப்போது 19 வயது. துப்பாக்கி கொடுத்தவர்களின் கயிறு செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவர் திமித்ரியேவிச் வரை போனது. ஆஸ்திரியா உடனே செர்பியாவை அடித்திருந்தால் ஐரோப்பா முகம் சுளித்துவிட்டு விட்டிருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். உடனே அடிக்க முடியாததற்குக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஆஸ்திரியாவோடு ஒரே பேரரசில் இருந்த ஹங்கேரியின் பிரதமர் திஸா ஜூலை 14 வரை சம்மதிக்கவில்லை. படைவீரர்களில் பலர் அறுவடை விடுப்பில் வயலில் இருந்தார்கள். பிரெஞ்சு அதிபர் புவான்கரே ஜூலை 23 வரை ரஷ்யத் தலைநகரில் விருந்தாளி. அவரும் ஜாரும் ஒரே மேசையில் இருக்கும்போது இறுதி எச்சரிக்கையை நீட்ட வியன்னா விரும்பவில்லை. அவர் கப்பல் ஏறும் நாள் வரை காத்திருந்து, 23ஆம் தேதி மாலை 6 மணிக்கு செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் கொடுத்தார்கள். கெடு 48 மணி நேரம். செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளுக்கு வளைந்து கொடுத்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் உட்காரக்கூடாது என்பதில் மட்டும் நேராக மறுத்தது. 28ஆம் தேதி தந்தியிலேயே போர் அறிவிப்பு வந்தது.

இதுவரை இது பால்கன் சண்டைதான். உலகப் போராக ஆக்கியது அடுத்த நான்கு நாள். அங்கேதான் ரயில் வருகிறது.

அன்றைய ஐரோப்பாவில் படை திரட்டுவது என்றால் ஆட்களைக் கூப்பிடுவது மட்டும் இல்லை. ஒரு ஜெர்மன் கோர், அதாவது ஏறக்குறைய 40,000 பேர் கொண்ட படை, எல்லைக்குப் போக 6,010 பெட்டிகள், 140 ரயில்கள் வேண்டும். ஆட்களைவிட இடத்தை அடைத்தவை குதிரைகள். பிரெஞ்சு சரக்குப் பெட்டிகளில் '40 ஆள் அல்லது 8 குதிரை' என்று எழுதியே இருக்கும். எல்லா ரயிலும் ஒரே வேகத்தில், மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரில்தான் ஓடும். வேகம் வேறுபட்டால் பின்னால் வருவது முன்னால் போவதன் மேல் முட்டும். ஒன்று நின்றால் அதன் பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும். கொலோன் நகரில் ரைன் மேல் உள்ள ஹோஹன்சோலர்ன் பாலத்தில் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை, 54 பெட்டிகள் கொண்ட ரயில்கள் 2,150 கடந்தன. பத்து நிமிடத்துக்கு ஒன்று. இப்படிப்பட்ட அட்டவணையை வருடம் முழுக்க உட்கார்ந்து போடுவார்கள். கடைசி நிமிடத்தில் 'பாதி மட்டும் அனுப்பு' என்றால் அதில் இடம் கிடையாது.

செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யா மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆஸ்திரியாவை மட்டும் மிரட்டலாம், ஜெர்மனியைச் சீண்ட வேண்டாம் என்று கீவ், ஒடெஸா, மாஸ்கோ, கசான் என நான்கு ராணுவ வட்டங்களில் மட்டும் படை திரட்ட நினைத்தார்கள். அதற்கு ஒழுங்கான திட்டமே இல்லை. பாதி திரட்டிய பிறகு முழுசாகத் திரட்ட நேர்ந்தால் பெட்டிகளும் என்ஜின்களும் தவறான இடத்தில் சிக்கிக்கொள்ளும் என்று தளபதிகள் கையைப் பிசைந்தார்கள். ஜார் 29ஆம் தேதி முழுத் திரட்டலுக்கு ஒப்புக்கொண்டு, ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மின் தந்தி வந்ததும் இரவோடு இரவாக ரத்து செய்து, 30ஆம் தேதி மாலை மறுபடி ஒப்புக்கொண்டார்.

ரஷ்யா திரட்டினாலும் படை எல்லையில் வாரக்கணக்கில் சும்மா நிற்கலாம். பிரான்ஸும் அப்படியே. ஜெர்மனிக்கு மட்டும் அது முடியாது. உன் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது. ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை சுமார் 40 நாளில் முடித்துவிட்டு, மெதுவாகத் திரளும் ரஷ்யாவின் பக்கம் திரும்புவது அவர்கள் திட்டம். பிரெஞ்சு எல்லைக் கோட்டைகளைச் சுற்றிப் போக பெல்ஜியம் வழியாகத்தான் இறங்க வேண்டும். முன்பு ஜெர்மன் படைத்தலைமை அதிகாரியாக இருந்த ஷ்லீஃபன் போட்ட பழைய திட்டத்தில் நெதர்லாந்தின் ஒரு மூலையும் வழியில் இருந்தது. பின்னால் வந்த மோல்ட்கே, போர் நீண்டால் சாமான் இறக்குமதிக்கு ஒரு நடுநிலை நாடு வேண்டும் என்று நெதர்லாந்தை விட்டுவிட்டார். விளைவு: ஏறக்குறைய 6 லட்சம் பேர் லியேஜ் என்ற பெல்ஜிய நகரத்தின் பக்கத்துக் குறுகிய இடைவெளியில் நுழைய வேண்டும். அந்த ஊரின் கோட்டைகளும் ரயில் சந்திப்பும் முதல் சில நாளிலேயே கைக்கு வராவிட்டால் அட்டவணை முழுதும் சரியும். ஆக, ஜெர்மனி படை திரட்ட உத்தரவு போட்டாலே பெல்ஜியத்துக்குள் கால் வைத்தாக வேண்டும். இந்த லியேஜ் ஏற்பாடு ஜெர்மன் சான்சலருக்கே ஜூலை கடைசியில்தான் தெரிய வந்தது என்பார்கள். பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839 லண்டன் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டிருந்தது. நீ பார்க்கப்போகிற கல்லறைகள் ஈப்பரில் இருப்பது இந்த வழியாகத்தான்.

ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டன் விலகி நிற்கலாம் என்று லண்டனில் இருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. வில்ஹெல்ம் மகிழ்ந்துபோய், 'அப்படியானால் படை முழுவதையும் கிழக்கே திருப்புங்கள்' என்றார். முடியவே முடியாது என்றார் மோல்ட்கே. தந்தி தவறான புரிதலில் வந்தது என்று அன்றிரவே தெரிந்துவிட்டது, அது வேறு. மோல்ட்கே சொன்னது உண்மையா? ரயில் பிரிவுத் தலைவராக இருந்த ஷ்டாப்ஸ், திருப்பியிருக்க முடியும் என்று காட்ட 1925இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் கிழக்குக்கென்று தனியாக வைத்திருந்த திட்டத்தை 1913லேயே தூக்கிப் போட்டிருந்தார்கள். முடியாமல் போனதல்ல, முடியாதபடி முன்பே செய்துவைத்தார்கள். குற்றம் யாருடையது என்று நீ கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஜூலை 5ஆம் தேதி 'என்ன செய்தாலும் துணை நிற்போம்' என்று வியன்னாவுக்கு வாக்குக் கொடுத்ததும் பெர்லின்தான். மற்றவர்கள் சுத்தமானவர்கள் இல்லை, ஆனால் பங்கு சமமும் இல்லை.

போர் நடந்த நான்கு வருடத்தை இங்கே எழுதப் போவதில்லை. நம் ஊர்க் கதை உனக்கே தெரியும்: ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை முடித்தது.

ஈப்பரில் கவனமாக இருக்க வேண்டியது ஒன்றுண்டு. வயல் ஓரத்தில், மின்கம்பத்தடியில் துருப்பிடித்த குண்டுகள் வைத்திருப்பார்கள். உழும்போது கிடைத்ததை ராணுவம் எடுத்துப்போக விவசாயிகள் வைப்பது. காலால்கூடத் தொடாதே, நினைவுக்காக ஒன்றும் எடுத்து வராதே, நண்பர்களிடமும் சொல். அன்று சுட்டவற்றில் நான்கில் ஒன்றாவது வெடிக்கவில்லை என்பது பொதுவான கணிப்பு. அவசர உற்பத்தியில் திரிமுனைகள் கோளாறாக இருந்தன. சேற்றில் விழுந்தவற்றுக்கு வெடிக்கப் போதுமான அடி கிடைக்கவில்லை. நூறு வருடம் ஆகிவிட்டதே என்று நினைக்காதே. சில குண்டுகளில் உள்ள பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து, லேசாகத் தட்டினாலே வெடிக்கிற உப்பாக மாறியிருக்கும். விஷவாயுக் குண்டென்றால் ஓடு அரித்து உள்ளே இருப்பது கசியும். முதல் பெரிய குளோரின் தாக்குதல் 1915 ஏப்ரல் 22இல் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் நடந்தது. கடுகு வாயு முதலில் வந்ததும் அங்கேதான், 1917 ஜூலையில். பொல்கபெல்லவில் உள்ள பெல்ஜிய ராணுவப் பிரிவு இன்றும் வருடம் முழுக்க இதே வேலையாக இருக்கிறது. ஈப்பரில் மேனின் வாசல் என்ற போர் நினைவு வளைவில் தினமும் இரவு 8 மணிக்கு ஊதுகொம்பு ஊதுவார்கள், பார்த்துவிட்டு வா. நேரமிருந்தால் பிரெஞ்சு எல்லை தாண்டி நவ் ஷப்பெல் போ. உடல் கிடைக்காத இந்திய வீரர்கள் 4,700 பேருக்கு மேல் அங்கே பெயராக இருக்கிறார்கள்.

இனி போருக்குப் பிந்தைய கதை. இதைப் பற்றித்தான் ஆளாளுக்குத் தவறாகச் சொல்கிறார்கள்.

போர் முடிந்த விதமே கோளாறு. 1918 செப்டம்பர் 29இல் உடனே போர்நிறுத்தம் வேண்டும் என்று கெஞ்சியது ஜெர்மன் ராணுவத்தை நடத்திய லூடன்டார்ஃப். நவம்பர் 11 அதிகாலை கொம்பியேன் காட்டில் ரயில் பெட்டிக்குள் ஜெர்மனி சார்பில் முதல் கையெழுத்துப் போட்டதோ எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. அப்போது ஜெர்மன் படை பிரெஞ்சு, பெல்ஜிய மண்ணில்தான் நின்றது. பெர்லின் மக்கள் எதிரிப் படையைக் கண்ணால் பார்க்கவில்லை. 'நாங்கள் தோற்கவில்லை, முதுகில் குத்திவிட்டார்கள்' என்ற பொய் விளைய இதைவிட நல்ல நிலம் வேண்டுமா? எர்ஸ்பெர்கரை 1921இல் சுட்டுக் கொன்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க் 1925இல் ஜனாதிபதி ஆனார். கடல் முற்றுகையையும் நேச நாடுகள் 1919 ஜூலை வரை நீட்டின. 1916-17 குளிர்காலத்தை டர்னிப் கிழங்கு தின்று கழித்த மக்கள் அதை மறக்கவில்லை.

ஜெர்மனியோடு 1919இல் செய்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவு உலகப் புகழ் பெற்றது. இழப்புகளுக்கு ஜெர்மனி பொறுப்பு என்று சட்ட அடிப்படை போட்டது அது. அடுத்த பிரிவே அவ்வளவும் கொடுக்க ஜெர்மனியால் முடியாது என்று ஒப்புக்கொள்கிறது. அதை யார் படித்தார்கள்? 1921 மேயில் இழப்பீடாகப் போட்ட தொகை 13,200 கோடி தங்க மார்க். அதை மூன்று வகைப் பத்திரமாகப் பிரித்தார்கள்: ஏ 1,200 கோடி, பி 3,800 கோடி, சி 8,200 கோடி. சி பத்திரங்கள் ஜெர்மனிக்கு எப்போதாவது சக்தி வந்தால்தான் வெளியாகும். அதாவது உண்மையில் கேட்டது 5,000 கோடி. பெரிய எண் பிரெஞ்சு வாக்காளரைச் சமாதானப்படுத்த. அந்த எண்ணை பிரெஞ்சுக்காரரும் நம்பினார், ஜெர்மன்காரரும் நம்பினார், போட்டவர்கள்தான் நம்பவில்லை.

ஜெர்மன் பணம் வீழ்ந்ததற்கு இழப்பீடு ஒன்றே காரணம் என்பதும் பாதி உண்மைதான். போருக்கு ஜெர்மனி வரி போட்டுப் பெரிதாகப் பணம் திரட்டவில்லை. ஒன்பது தவணையாக மக்களிடம் சுமார் 9,800 கோடி மார்க் போர்க் கடன் வாங்கியது. ஜெயித்தபின் தோற்றவனிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. தோற்றதும் கடன் தலையில் நின்றது. 1922 கடைசியில் இழப்பீடாகத் தர வேண்டிய மரமும் தந்திக் கம்பமும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, பிறகு நிலக்கரியும் குறைகிறது என்று சொல்லி 1923 ஜனவரி 11இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியான ரூருக்குள் புகுந்தன. ஜெர்மன் அரசு தொழிலாளர்களை வேலை செய்யாதீர்கள் என்றது. சம்பளத்துக்கு நோட்டு அடித்தது. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். புதிய ரென்டன்மார்க் ஒன்றுக்குப் பழையது ஒரு லட்சம் கோடி. கணக்குப் போட்டுப் பார்: அந்த 9,800 கோடி போர்க் கடன் முழுதும் புதிய பணத்தில் 10 பெனிக்குக்குள் (மார்க்கில் நூறில் ஒரு பங்கு ஒரு பெனிக்) அடங்கிவிடும். நாட்டுப்பற்றோடு பத்திரம் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் மொட்டையாயின.

1924இல் டாஸ் திட்டம் வந்தது. அமெரிக்கா ஜெர்மனிக்குக் கடன் கொடுக்கும். ஜெர்மனி அதை வைத்துப் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் இழப்பீடு கட்டும். அவர்கள் அமெரிக்காவிடம் வாங்கிய போர்க் கடனை அடைப்பார்கள். ஏலச்சீட்டில் எல்லோரும் ஒரே ஆளிடம் கைமாற்று வாங்கித் தவணை கட்டுவது போல. அமெரிக்காவோ 1922லேயே இறக்குமதி வரியை உயர்த்தி, மற்றவர்கள் பொருள் விற்று டாலர் சம்பாதிக்கும் வழியையும் அடைத்திருந்தது. 1929க்குப் பிறகு அமெரிக்கப் பணம் நின்றது. 1931 மேயில் வியன்னாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி சாய்ந்தது. ஜூனில் அமெரிக்க அதிபர் ஹூவர் எல்லாத் தவணையையும் ஒரு வருடம் நிறுத்த முன்வந்தார். 1932 லொசான் மாநாட்டோடு இழப்பீடு நடைமுறையில் முடிந்தது.

வெர்சாய்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் இந்த மூன்று எண்ணைக் கேள்: நாஜிக் கட்சியின் வாக்கு 1928இல் 2.6 சதவீதம், 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. வெர்சாய் கையெழுத்தாகி ஒன்பது வருடம் கழித்தும், நோட்டுக்கட்டை அடுப்பெரித்த காலம் கடந்து ஐந்து வருடம் கழித்தும் அவர்கள் ஓர் ஓரத்துக் கட்சி. ஏற்றியது 1930க்குப் பிந்தைய வேலையின்மை. 1932 தொடக்கத்தில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள், சான்சலர் பிரூனிங்கின் அரசு அந்த நேரத்தில் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிக்கொண்டிருந்தது. வெர்சாயின் பங்கு, அந்தக் கோபத்துக்கு ஆயத்தமான வாசகங்களைக் கொடுத்ததுதான். மிகக் கடுமையான ஒப்பந்தம் என்பதைவிட, கடுமையாகப் பேசிவிட்டுக் கடைசிவரை நிறைவேற்ற யாரும் நிற்காத ஒப்பந்தம் என்பதே என் எண்ணம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் 1943இல் நிபந்தனையற்ற சரண் கேட்டதும், 1945இல் பெர்லின் வரை போனதும் இதை நினைத்துத்தான்.

டாஸ் திட்டம், அதற்குப் பின்னால் வந்த யங் திட்டம் இவற்றின் கடன்களுக்கான நிலுவை வட்டியில் ஒரு பகுதியை, ஜெர்மனி ஒன்றானால் கட்டட்டும் என்று 1953 லண்டன் ஒப்பந்தத்தில் தள்ளி வைத்தார்கள். ஒன்றானது, கடைசித் தவணை 2010 அக்டோபர் 3இல் கட்டப்பட்டது. உஸ்மானியப் பேரரசைத் துண்டு போட்ட கதையையும், ஹங்கேரி மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்ததையும் இதில் சேர்க்கவில்லை. அது தனிக் கடிதம்.

அங்கே மழை இருக்கும், சேற்றுக்கு ஏற்ற செருப்பாகப் போட்டுக்கொண்டு போ. வந்ததும் போன் செய்.

அன்புடன்,
அம்மா