முறுக்குக்குத் துணை தேடித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

கினிப் பன்றிக் காப்பகத்தில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக ஓர் அட்டை அனுப்பிவிட்டேன். ஆனால் இந்த மூன்று மாதமும் எங்களோடு அலைந்தவர்களில் பாதிப் பேர் இங்கே இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். மதுரைக்குத் திரும்பிவிட்ட அம்மாவும் இதைப் படிக்க வேண்டும். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். மகள் ஆசைப்பட்டாள் என்று போன வருடம் ஒரு கடையில் இரண்டு ஆண் கினிப் பன்றிகள் வாங்கினோம். பெயர்தான் பன்றி, எலி இனத்துச் சின்னப் பிராணி. அண்ணன் தம்பி, முறுக்கு, சீடை. ஐந்து மாதம் வரை ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அப்புறம் பல்லைக் கடகடவென்று அடிப்பதும், உறுமிக்கொண்டே பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிச் சுற்றுவதும் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீடையின் காது கிழிந்து ரத்தம். நடுவில் கம்பித் தடுப்பு வைத்தோம். முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர், கருத்தடை செய்தால் சண்டை தானாக நின்றுவிடும் என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

நிற்காது என்று சொன்னவர் காப்பகத்தை நடத்தும் பெண்மணி. முதல் நன்றி அவருக்கு. அறுவை செய்தாலும் இரண்டு ஆண்களுக்கு நடுவில் 'யார் பெரியவன்' என்ற போட்டி போகாது. ஆனால் குட்டி போடும் பயமில்லாமல் ஒரு பெண்ணோடு விடலாம், அதுதான் பெரும்பாலும் நிலைக்கிற ஜோடி என்று பொறுமையாக விளக்கினார். காயம்பட்ட சீடையைத் தானே வாங்கிக்கொண்டார். எங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அடுத்து, முறுக்குக்கு அறுவை செய்த மருத்துவமனையின் செவிலியர். முதல் நாள் இரவு பட்டினி போட வேண்டுமா என்று கேட்டேன். "கூடவே கூடாது" என்றார். இதுகளால் வாந்தி எடுக்க முடியாது, குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் கூடையிலேயே புல்லும் கொத்தமல்லியும் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு வந்த இரவு முறுக்கு எதையும் தொடவில்லை. சமையலறைத் தராசில் 940 கிராம் இருந்தவன் மறுநாள் 895. அவர் சொன்னபடி, மாவு போன்ற மருத்துவ உணவை வெந்நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

ஊட்டினோம் என்ன ஊட்டினோம், அம்மாதான் ஊட்டினார். "ஊர்ல மாட்டுக்குக் காயடிப்பாங்க, எலிக்குமா?" என்று முதல் நாள் சிரித்தவர், நடுராத்திரி டார்ச் அடித்துப் புழுக்கையை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை என்னை எழுப்பி, "பன்னெண்டு போட்டிருக்கான்டி" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெட்டிய இடத்தில் தூசி ஒட்டக்கூடாது என்று மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய கம்பளித் துணிகளை விரித்திருந்தோம். அவற்றைத் தினமும் துவைத்ததும் அவர்தான்.

அதன் பிறகு ஆறு வாரக் காத்திருப்பு. அறுவை முடிந்தாலும் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரங்களுக்குக் கரு உண்டாகலாமாம். ஏற்கெனவே கர்ப்பமாக வந்த பெண்களாலும் அவற்றின் குட்டிகளாலும் காப்பகம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மூன்று வார ஆண் குட்டியையே தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஒருநாள்கூடக் குறைக்க மாட்டேன் என்று அந்தப் பெண்மணி கறாராக இருந்தார். இருந்தது நல்லதுதான்.

பெண் பார்க்கும் நாளன்று விடுப்பு எடுத்து வண்டி ஓட்டிய எதிர்வீட்டு அண்ணனுக்கு நன்றி. காப்பகத்தின் கூடத்தில் யாருடைய வாசனையும் இல்லாத விரிப்பு, நடுவில் புல் குவியல், கைகலப்பு வந்தால் விலக்க ஒரு குப்பை முறம். முதலில் வந்த பெண், முறுக்கு கிட்டே போனதும் பின்பக்கம் திரும்பி முகத்திலேயே சிறுநீரைப் பீய்ச்சிவிட்டாள். அதற்குமேல் என்ன பதில் வேண்டும்? அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். இரண்டாவதாக வந்தவள் பிஸ்கட், மூன்று வயது. மாப்பிள்ளை ஆடிக்கொண்டு சுற்றியதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. புல்லைத் தின்றுகொண்டே இருந்தாள். நெருங்கி வந்தபோது ஒரே ஒரு தடவை பல்லைக் கடித்துக் காட்டினாள். அவன் ஒதுங்கினான். முக்கால் மணி நேரம் கழித்து ஒரே வெள்ளரித் துண்டை இரண்டு முனையிலிருந்தும் தின்றார்கள். பொறுப்பாளர் பெண்மணி முறத்தைக் கீழே வைத்தார்.

சீடைக்கும் அங்கேயே அறுவை நடந்து, வயதான இரண்டு பெண்களோடு வேறொரு வீட்டுக்குப் போய்விட்டான். படம் அனுப்பிய தன்னார்வலத் தம்பிக்கு நன்றி. மகள் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். என் பணி நேரத்தை மாற்றிக்கொண்ட தோழிக்கும், மிஞ்சிய குடமிளகாயை எல்லாம் எங்கள் வாசலில் வைத்துப்போன காய்கறிக் கடை அக்காவுக்கும் நன்றி. முறுக்கு கூட்டத்துக்கு வைட்டமின் சி தினமும் வேண்டும், உடம்பு தானாகத் தயாரிக்காது.

அம்மா, வீடியோவில் நீ கேட்டது வைக்கோல். நான் போடுவது காய்ந்த புல். வைக்கோல் கண்ணைக் குத்தும். பிஸ்கட் நன்றாக இருக்கிறாள்.

காப்பகத்திலிருந்து இரவல் வாங்கிய கம்பித் தடுப்பும் துவைத்த விரிப்புகளும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். அண்ணா, சனிக்கிழமை வண்டி கிடைக்குமா?

அன்புடன்,
முறுக்கு, பிஸ்கட் வீட்டார்