தெளிந்து ஓடினாலும் உப்பு உப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு என்று செய்தி வரும்போதெல்லாம், சிவப்பாகவோ நீலமாகவோ ஓடும் தண்ணீரின் படமும் சேர்ந்தே வருகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டால் பேச்சும் அடங்கிவிடுகிறது. நிறத்தை எடுப்பது பெரிய காரியமில்லை. குளோரினோ ஓசோனோ கொடுத்தால் வெளுத்துவிடும். விளைநிலத்தைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ பருத்தி பனியன் துணிக்கு, கிலோவுக்கு 6 லிட்டர் வீதம் 600 லிட்டர் தண்ணீர். அடர்நிறம் ஏற்ற லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் 36 கிலோ ஆகிறது. சாயத்தைத் துணியில் ஏறவைப்பதோடு உப்பின் வேலை முடிந்தது. அது துணியில் தங்காது, அத்தனையும் கழிவோடு வந்துவிடும். 150 கிராம் எடையுள்ள ஒரு டி-சர்ட்டுக்கு 54 கிராம் உப்பு!

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை இங்கே உறுதியாக நடைமுறைக்கு வந்தது. அதில் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பைப் பிரித்தெடுக்கும் கட்டம்) வரை பெரிய சிக்கலில்லை. ஆர்.ஓ. ஒதுக்கும் அடர் உப்புநீரை வற்றவைக்கும் எவாப்பரேட்டரில்தான் செலவும் தலைவலியும். குழாய்களில் சுண்ணாம்பு பொறுக்குக் கட்டும், நீராவி கூடுதலாகப் பிடிக்கும், கழுவுவதற்கு நிறுத்தியே ஆகவேண்டும். அந்த நாட்களில் வரும் உப்புநீரைத் தேக்கத் தனித் தொட்டி இல்லாத இடத்தில், அதை ஆற்றில் திறந்துவிடக் கனமழை இரவுக்குக் காத்திருக்கத் தோன்றும். வெள்ளத்தில் நிறம் தெரியாது, அளந்தால் மட்டும் தெரியும்.

எனவே நல்லாறும் ஜம்மனை ஓடையும் நொய்யலில் சேரும் இடங்களிலும், ஒரத்துப்பாளையம் அணைக்கு மேலும் கீழும், உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனை (இ.சி.) அளக்கும் மீட்டர்களைப் பொருத்தி, மணிக்கு ஒரு அளவை ஊர் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த அந்த அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. மாதத்துக்கொரு முறை பகலில் பாட்டிலில் பிடித்துப் போகும் மாதிரி, இரவில் நடப்பதைச் சொல்லாது.

விவசாயிகளும் கையடக்க மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். மோட்டாரைப் போட்டதும் வரும் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது, குழாயில் கிடந்த தண்ணீர் அது. 10, 15 நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். இ.சி. 0.7-க்குள் இருந்தால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது (டெசிசீமன்ஸ் அளவில், மீட்டர் மைக்ரோசீமன்ஸில் காட்டினால் 700, 3,000). டெசிசீமன்ஸில் உள்ள இ.சி.யை 640-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று தோராயமாகக் கிடைக்கும். குடிநீருக்கு 500 நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை.

மண்ணையும் பாருங்கள். காய்ந்த மண்ணில் கொண்டைக்கடலை அளவு கட்டி ஒன்றை, கண்ணாடி டம்ளரில் பிடித்த மழைநீரில் மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் ஒரு நாள் விடுங்கள். கட்டி உதிர்ந்து மேலே தண்ணீர் தெளிவாக நின்றால் சரி. கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் சோடியம் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். கிணற்றுத் தண்ணீரில் இந்தச் சோதனை ஏமாற்றும், அதிலுள்ள உப்பே கலங்கலைத் தடுத்துவிடும். சோடியம் ஏறிய களிமண் ஈரத்தில் கரைந்து துவாரங்களை அடைக்கும், காய்ந்தால் மேலே ஓடு கட்டும். மண் பரிசோதனை செய்து அதற்கேற்ப ஜிப்சம் போடலாம். ஆனால் நல்ல தண்ணீர் பாய்ச்சிச் சோடியத்தைக் கீழே இறக்காவிட்டால் போட்ட ஜிப்சம் வீண். மழைக்கு முன் வரப்பை உயர்த்தி வைப்பது அதற்குத்தான்.

இன்னொன்று. எவாப்பரேட்டரில் வற்றி, திரும்பப் பயன்படுத்தும் உப்பைப் பிரித்தது போக மிஞ்சும் கலவை உப்பு. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீட்டித்துக் கொடுத்தாலன்றி 90 நாளுக்கு மேல் இதை வளாகத்தில் வைக்கக் கூடாது. வெட்டவெளியில் தார்ப்பாய் போட்ட மூட்டைகள் ஒரு மழைக்குத் தாங்காது. சிமெண்ட் தளமும் கூரையும் சுற்றிலும் வடிகால் தொட்டியும் இருக்கின்றனவா என்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேரில் பார்த்து எத்தனை டன் இருப்பு என்று அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைப் பணியில் உள்ள வாசகர்,
காங்கேயம்