பெயரைத் தமிழில் வைத்தவர்தான் குற்றவாளியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு கல்லூரி மாணவர், புதிதாகப் போட்ட சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்கிறது, யூசர் பெயர் தமிழில் இருப்பதுதான் காரணமா என்று கேட்டிருந்தார். அதற்கு உங்கள் நிபுணர், "தமிழில் பெயர் வைக்கும் ஆசையை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்" என்று பதில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் சிரிக்கும் பொம்மை ஒன்று வேறு. ஆங்கிலப் பத்திரிகையில் இந்த வரி வந்திருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். தமிழில் கம்ப்யூட்டர் பத்திரிகை நடத்துகிறவர்கள் இதை எப்படி அச்சுக்கு அனுப்பினீர்களோ, உங்களுக்கே வெளிச்சம்.

விண்டோஸுக்குத் தமிழோடு எந்தப் பகையும் கிடையாது. 1993-இல் வந்த என்டி வரிசையிலிருந்தே ஃபைல் பெயர்களை யூனிகோடில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தருகிற பொதுக் குறியீட்டில், வைக்க வழி செய்துவிட்டார்கள். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு தமிழும் உள்ளே வந்துவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தடுக்கி விழுவது அதன்மேல் ஓடுகிற சாஃப்ட்வேர்கள்தான். யூசர் பெயரிலேயே விண்டோஸ் ஒரு ஃபோல்டர் உருவாக்கும்; யூனிகோடுக்கு முந்தைய எழுத்துப் பட்டியல் வழியாகவே இவை இன்னும் அந்த ஃபோல்டர் பெயரைக் கேட்டு வாங்குகின்றன. நம் ஊரில் விற்கிற கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 பட்டியல். மொத்தமே 256 இடம். பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் அதில் இடம் உண்டு. நமக்கு இல்லை.

என் டிடிபி கடைக்கு அடுத்த வீட்டுப் பெண் கயல்விழி. லேப்டாப் வாங்கியதும் ஆசையாகத் தன் பெயரைத் தமிழிலேயே கொடுத்திருந்தாள். வகுப்புக்கு வேண்டிய சாஃப்ட்வேரைப் போட்டுக் கிளிக் செய்தால், சின்ன வட்டம் ஒரு சுற்றுச் சுற்றும், அப்புறம் ஒன்றும் இருக்காது. எரர் மெசேஜ்கூட வராது. சர்வீஸ் சென்டரில் வைரஸ் என்றார்கள், ஃபார்மட் செய்தார்கள், காசு வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே பெயரில் யூசர் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு என்னிடம் வந்தது. அந்த சாஃப்ட்வேர், தான் செய்ததையெல்லாம் குறித்து வைத்திருந்த லாக் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். சி:\யூசர்ஸ்\???????? என்று இருந்தது. கயல்விழி நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் கொக்கியும் தனித்தனி, ஆக எட்டு. பழைய பட்டியலில் இடமில்லாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸில் ஃபைல் பெயரில் வரவே கூடாது என்று தடை செய்திருக்கிற குறிகளில் கேள்விக்குறியும் ஒன்று. அதாவது உலகத்தில் எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்க முடியாத ஒரு ஃபோல்டரைத் தேடிப் போய், காணோம் என்று திரும்பிவந்து, வாயைத் திறக்காமல் மூடிக்கொள்கிறது. இதில் அந்தப் பெண்ணின் ஆசை எங்கே தப்பு செய்தது?

"டி டிரைவில் நிறுவிப் பாருங்கள்" என்று முன்பொரு இதழில் நீங்களே யோசனை சொன்னதும் நினைவிருக்கிறது. எங்கே நிறுவினாலும் தற்காலிக ஃபைல்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கிற டெம்ப் ஃபோல்டருக்குத்தானே போகும்? கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினாலும், திரையில் தெரிகிற பெயர்தான் மாறும், ஃபோல்டர் பழைய பெயரிலேயே கிடக்கும். இதை எழுதுவதற்கு ஒரு நிபுணர் வேண்டுமா?

ஆரம்பித்துவிட்டேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று இருந்த காலத்தில், ஒருவர் அடித்த கல்யாணப் பத்திரிகை இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டெறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். யூனிகோட் வந்தால் எல்லாக் கஷ்டமும் தீரும் என்று அட்டைப்படக் கட்டுரை போட்டவர்கள் நீங்கள். நம்பினேன். 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. கடையிலிருந்த வேலைகளையெல்லாம் ராவும் பகலுமாக மாற்றினேன். இப்போது அதே பத்திரிகை ஆசையை விடச் சொல்கிறது! தமிழ்க் கணினிக்கு என்று இருந்த ஒரு பக்கத்தையும் எடுத்துவிட்டு அங்கே மொபைல் விளம்பரம் போடுகிறீர்கள். அதைக் கேட்டு எழுதிய கடிதம் வெளியானபோது, கேள்வி போய்ப் பாராட்டு மட்டும் மிச்சமிருந்தது.

தமிழைத் தாண்டினாலும் இதே கதைதான். கடைப் பெயரில் 'அண்ட்' குறி (&) இருக்கிறதே என்று வாடிக்கையாளர் ஃபோல்டருக்கு அப்படியே பெயர் வைத்தால் விண்டோஸ் சம்மதிக்கும். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டுகிற பேட்ச் ஃபைலில், அந்தப் பெயருக்கு மேற்கோள் குறி போட மறந்திருந்தால் மட்டும், அந்தக் குறியோடு ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குவதாக எடுத்துக்கொண்டு பாதியில் படுத்துவிடும். தேர்வு விண்ணப்பத் தளம் ஒன்றில் என் மகனின் இனிஷியலுக்குப் பின்னால் வைத்த புள்ளியைக்கூடச் சிறப்புக் குறி என்று தள்ளிவிட்டார்கள். சான்றிதழில் புள்ளி இருக்கிறது, விண்ணப்பத்தில் இல்லை. அதற்கு ஒரு அலைச்சல். அங்கேயும் எங்களைத்தான் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இது மலையைப் புரட்டுகிற வேலையும் இல்லை. 2019 மே மாத விண்டோஸ் அப்டேட்டிலிருந்து, சாஃப்ட்வேரோடு போகிற மேனிஃபெஸ்ட் என்ற விவரக் குறிப்பில் ஒரு அமைப்பைச் சேர்த்தால், அந்தப் பழைய வழியிலேயே யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவம் கிடைக்கிறது. எல்லா சாஃப்ட்வேரும் அதோடு சரியாகிவிடாதுதான். ஆனால் முயன்று பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லலாமே. நீங்கள் அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு எங்களுக்கு அறிவுரை கொடுக்கிறீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் தமிழ்ப் பெயரில் ஒரு யூசர் உருவாக்கி வையுங்கள். விமர்சனத்துக்கு வருகிற சாஃப்ட்வேரை அதிலும் ஒருமுறை திறந்து பார்த்து, திறந்தது, திறக்கவில்லை என்று விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். அந்த மாணவருக்கு அடுத்த இதழிலாவது உருப்படியாகப் பதில் சொல்லுங்கள்: ஆங்கில எழுத்தில் புது யூசர் ஒன்று உருவாக்கி, அதில் சாஃப்ட்வேரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சரியாக ஓடினால் தன் ஃபைல்களை அங்கே மாற்றிக்கொள்ளட்டும். பழைய யூசரை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். கூடவே, தவறு அவருடையது இல்லை என்றும் ஒரு வரி.

என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பது பற்றி அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி.