மசக்கை கண்ட வீட்டுக்கு உதவி இரண்டாம் மாதமே போய்ச் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூருக்கு அருகே ஒரு கிராமத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்றும் என்னைப் பால்வாடி டீச்சர் என்றுதான் அழைக்கிறார்கள். கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும், எடை பார்ப்பதும், சத்துமாவு கொடுப்பதும், சமுதாய வளைகாப்புக்கு ஆள் சேர்ப்பதும் என் அன்றாட வேலையாக இருந்தன. அத்தனை ஆண்டுகளில் ஒரு கர்ப்பிணியிடம்கூட நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி உண்டு. "உன்னால் எழுந்திருக்கவே முடியாதபோது மூத்த பிள்ளைகளை யாரம்மா பார்த்துக்கொள்கிறார்கள்?" என்பதே அது. அந்தக் கேள்வி என் சொந்த வீட்டுக்குள் வந்து நின்ற பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த ஆடி பிறந்த வாரத்தில், மதுரை வில்லாபுரத்தில் குடியிருக்கும் என் மகன் தொலைபேசியில் அழைத்தான். மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, தண்ணீர் குடித்தால்கூட வாந்தி எடுக்கிறாள் என்றான். அவர்களுக்கு ஏற்கெனவே ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகளும் இரண்டரை வயது மகனும் இருக்கிறார்கள். "மசக்கை என்றால் அப்படித்தான் இருக்கும், மூன்று மாதம் முடிகிற வரைக்கும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியபின் வெளியூரில் தங்கக் கூடாது என்பதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், நாலு பிள்ளை பெற்ற எனக்கு மசக்கை ஒரு நோயாகவே தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

நான் போன அன்று பகல் பதினொரு மணி இருக்கும். மருமகள் தரையில் பாயில் சுருண்டு கிடந்தாள். மாதத் தொடக்கத்தில் 52 கிலோ இருந்தவள் 46 கிலோவுக்கு வந்திருந்தாள். தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியும், வாய் கொப்பளிக்க ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தன. பேரன் கைபேசியில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டு அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். அங்கன்வாடிக்குக் கொண்டுபோய் விட அன்று ஆள் இல்லை. மகன் வேலை பார்ப்பது ஒரு ஜவுளிக்கடையில். ஆடித் தள்ளுபடி நடக்கும் மாதத்தில் அங்கே யாருக்கும் விடுப்புக் கிடையாது, இரவு பத்து மணிக்கு முன்னால் வீடு திரும்பவும் முடியாது. பிள்ளைக்குக் கைபேசியைக் கொடுத்துவிட்டுத் தாய் படுத்துக் கிடந்தாள் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். அன்றைக்கு அந்த வீட்டில் அந்தக் குழந்தையை ஓர் இடத்தில் உட்கார வைக்க வேறு வழியே இல்லை என்பதை, குழந்தைகளோடு காலம் கழித்த நான் பார்த்தவுடன் புரிந்துகொண்டேன்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பேத்தி, பையை இறக்கியதும் நேராகச் சென்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி, அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் விட்டு, மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். பிறகு ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அடுப்படிக் கதவின் கீழ் இடைவெளியில் அடைத்தாள். "பக்கத்து வீட்டில் தாளிக்கப்போகிறார்கள் அப்பத்தா, வாசனை வந்தால் அம்மாவுக்கு ஆகாது" என்று என்னிடம் விளக்கமும் சொன்னாள். ஆறு வயதுக் குழந்தைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய தம்பியோ, தன் பொம்மையைத் தூக்கி வாளியின் மேல் கவிழ்த்துப் பிடித்து, தாய் ஓங்கரிப்பதைப் போலவே சத்தமிட்டு, பொம்மையின் வாயைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது விளையாட்டு. "அம்மா வயிற்றின் மேல் ஏறாதே" என்று நாள் முழுதும் கேட்டுக் கேட்டு, அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்ததை நான் அறிய இன்னும் சில நாள் ஆயிற்று.

மறுநாள் பேரனை அங்கன்வாடியில் விடப் போனபோது அங்கிருந்த பணியாளர் ஒரு செய்தி சொன்னார். அந்த மையம் பேத்தி படிக்கும் பள்ளியின் வளாகத்திலேயே இருக்கிறது. காலை இடைவேளையில் பேத்தி தினமும் அங்கே வந்து, பள்ளியில் தனக்குக் கொடுத்த பொங்கலிலோ கிச்சடியிலோ பாதியை டப்பாவில் எடுத்துவந்து தம்பிக்கு ஊட்டிவிட்டுப் போகிறாளாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், நெல்பேட்டையில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால், தாளிக்கும் வாசனைக்கே தாய் மயங்கி விழுந்த அந்த நாள்களில், என் பேத்தி வெறும் வயிற்றோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அந்தத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. மத்தியானச் சாப்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டிய இரண்டரை வயதுக் குழந்தைக்கு, ஆறு வயது அக்காதான் அந்த வீட்டில் காலை உணவுத் திட்டமாக இருந்திருக்கிறாள்.

இனி நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் போன்ற பெரியவர்கள்தான் இதில் அதிகம் தவறு செய்கிறோம். மசக்கை பெரும்பாலான பெண்களுக்கு வருகிறது. காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, புளிப்பாக எதையாவது வாயில் போட்டுக்கொண்டு, அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நூறில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது வேறு. ஹைப்பரெமெசிஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் அந்த நிலையில், உடலில் நீர் வற்றி, உண்ணாததால் உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கி, சிறுநீரில் கீட்டோன் தென்படுகிறது. எடை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. மருமகளின் எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. மனத்திடம் இல்லாதவர்களுக்கு வருவது என்று நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். 2023 டிசம்பரில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான ஆய்வு, கருவிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்னும் ஹார்மோனும், கருத்தரிப்பதற்கு முன்பே அந்த ஹார்மோனுக்குத் தாயின் உடல் எவ்வளவு பழகியிருந்தது என்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்று காட்டியிருக்கிறது. பிரிட்டன் இளவரசி கேத்தரினுக்கு மூன்று கர்ப்பத்திலும் இந்த நிலை வந்தது. 2012-ல் அவர் மருத்துவமனையிலேயே சேர்க்கப்பட்டார். அது அவருக்கு முதல் கர்ப்பம்; அடுத்த இரண்டின்போது அங்கே மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்கும்.

மருமகளை மருத்துவமனையில் சேர்த்து மூன்று நாள் நரம்பு வழியே திரவம் ஏற்றினார்கள். அங்கே இருந்த மருத்துவர் சொன்ன ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. பல நாள் வாந்தி எடுத்து எதுவும் உண்ணாமல் இருந்தவருக்கு, தெரு முனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவது ஆபத்து. முதலில் தயமின் என்னும் பி1 வைட்டமினைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படவும் கூடும் என்றார். தண்ணீர்கூட ஒரு நாள் முழுதும் வயிற்றில் தங்கவில்லை என்றாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை என்றாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றாலோ, "மசக்கைதானே" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வாந்தியை மட்டுப்படுத்தக் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மாத்திரைகள் இருக்கின்றன. மருத்துவர் எழுதித் தருவதைப் பயந்துகொண்டு ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டில் யாரோ எப்போதோ வாங்கி மிச்சம் வைத்திருந்த இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் குமட்டல் கூடத்தான் செய்யும். முதல் மூன்று மாதத்துக்கு ஃபோலிக் அமிலமே போதும் என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஒரு செய்தி. மருமகள் ஒரு தனியார் நிறுவனத்தில் பில் போடும் வேலையில் இருந்தாள். "மகப்பேறு விடுமுறை பிரசவத்துக்குத்தான், வாந்திக்கு இல்லை" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே, கர்ப்பத்தால் வரும் நோய்க்காக, பிரசவ விடுமுறைக்கு மேலாக, ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. இது அவளுக்கும் தெரியாது, கேட்டு வாங்கித் தர எங்களுக்கும் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டாள்.

இது மூன்றாவது குழந்தை என்பதால் அவள் பட்ட பேச்சு தனி. ஆஸ்பத்திரி வரிசையிலும் உறவினர் வாயிலும் "மூன்றாவதா?" என்ற கேள்விதான் முதலில் வந்தது, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்பது அதற்குப் பிறகுதான், சிலரிடமிருந்து அதுவும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவங்களுக்கே உரியது என்பதை நான் அறிவேன். பணம் கேட்டு இதை எழுதவில்லை. எத்தனையாவது கர்ப்பம் என்று பார்த்து வாந்தி குறைந்து வருவதில்லை. சொல்லப்போனால், மூன்றாவதாகக் கருவுற்றவளுக்குத்தான் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள் இருக்கின்றன.

அந்தத் தெருவில் ஒருவர் மட்டும் எதுவும் கேட்காமல் உதவினார். அடுத்த வீட்டுப் பெண் மல்லிகைப் பூக் கட்டிப் பிழைப்பவர். மாட்டுத்தாவணியிலிருந்து வரும் பூவை மத்தியானம் முழுதும் எங்கள் வாசலை ஒட்டிய திண்ணையில் உட்கார்ந்து கட்டுவது அவர் பல வருட வழக்கம். மருமகளுக்கு மல்லிகை வாசனை ஆகவில்லை என்பது தெரிந்த நாளிலிருந்து, கூடையையும் நாரையும் தூக்கிக்கொண்டு பின் தெருவில் தன் தங்கை வீட்டுக்குப் போய்க் கட்டிவிட்டு, அந்தி சாய்ந்த பிறகே திரும்பினார். புரட்டாசி வரைக்கும் அப்படியே செய்தார். போகும்போது சில நாள் பேரனையும் உடன் அழைத்துப் போவார்.

நம் வழக்கத்தில் கர்ப்பிணிக்குச் செய்யும் சீரும் சிறப்பும் எப்போது தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வளைகாப்பு ஏழிலோ ஒன்பதிலோ; அதன் பிறகுதான் தாய்வீடு அழைத்துப் போகிறது; பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் போட நான்கு பேர் வருகிறார்கள். மேலே சொன்ன கடும் வாந்தியோ பெரும்பாலும் 6-ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, 9-ஆவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 20-ஆவது வாரத்துக்குள் பலருக்குத் தணிந்துவிடுகிறது. அதாவது, வளையல் அடுக்க நாம் கூடும்போது அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறாள்; அவள் பாயில் கிடந்தபோது யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தோம். மூன்று மாதம் மறைத்துவைக்கும் வழக்கத்தை நான் இழிவாகப் பேசவில்லை. கரு தங்காமல் போனால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயமும் கண்ணேறு பயமும் அதன் பின்னால் இருக்கின்றன. ஆனாலும் மூத்த குழந்தையின் ஆசிரியரிடமும், பக்கத்து வீட்டில் ஒருவரிடமும், இரு பக்கத்துப் பாட்டிகளிடமும் சொல்லியே ஆக வேண்டும். பேத்தியின் வகுப்பில், வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறாள், வகிடு கோணலாகத் தலை பின்னிக்கொண்டு வருகிறாள் என்று அவளைக் கண்டித்திருக்கிறார்கள். தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள் என்று தெரிந்திருந்தால் கண்டித்திருக்க மாட்டார்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. கர்ப்பத்தைப் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் என்னும் அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணைப் பெற வேண்டும் என்று ஏற்கெனவே வற்புறுத்துகிறோம். அந்தப் பதிவின்போது செவிலியர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் உண்டா, பகலில் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடு என்றால், அந்தப் பகுதி அங்கன்வாடிக்கு அன்றே சொல்லிவிடட்டும். பள்ளி வளாகத்தில் இயங்கும் அங்கன்வாடிகளிலாவது, அத்தகைய வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளியின் காலை உணவில் ஒரு கரண்டி ஒதுக்க அனுமதி வழங்கட்டும்.

மருமகளுக்குப் புரட்டாசி முடியும் தறுவாயில் வாந்தி நின்றது. முதலில் இறங்கியது ரசம் விடாத வெறும் குழைந்த சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும். இப்போது 50 கிலோ இருக்கிறாள். மாசிக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். பேரன் மறுபடியும் அவள் அருகில் படுத்துக்கொள்கிறான், ஆனால் படுக்கும் முன் "ஏறலாமா?" என்று கேட்கிறான். பேத்தி அந்த வாளியை இன்னும் கட்டிலடியில் எடுத்துவைத்திருக்கிறாள். வெளியே எடுக்கப் போனால் வேண்டாம் என்கிறாள், நானும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.