விடையை மறுநாள் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாள் சரித்திரம், ஒரு நாள் அறிவியல், ஒரு நாள் புதிர் என்று உங்கள் நாளிதழில் ஒரு சின்னக் கட்டம் வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மண்டபம் ஊரில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன், பாடம் தொடங்கும் முன் பிள்ளைகளை அதைத்தான் வாசிக்கச் சொல்வேன். நல்ல காரியம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் புதிருக்குக் கீழேயே விடையைத் தலைகீழாக அச்சடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ஒருவன் பேப்பரைத் திருப்பிவிடுகிறான், இன்னொருத்தி திருப்பாமலே தலைகீழ் எழுத்தை வாசிக்கப் பழகிவிட்டாள் (அதுவும் ஒரு திறமைதான், சரி). யோசிக்க ஒரு ராத்திரி கொடுங்கள், விடை மறுநாள் வரட்டும்.

அப்புறம் இந்த "உலகிலேயே நீளமான, உலகிலேயே உயரமான" துணுக்குகள். மனப்பாடம் செய்யலாம், அதோடு சரி. ஏன், எப்படி என்று கேட்க வைக்கிற விஷயங்கள் எங்கள் கரையிலேயே கொட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் தாங்களே போய்ப் பார்த்தும் வரலாம்.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலையும் கடலோடு போன ரயிலையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அங்கே குடும்பங்கள் எந்தத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தன என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல், அதில் சில அடி தோண்டினால் ஊற்று சுரக்கிறது, சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றலாம், உப்புக் கரிக்காது. எப்படி என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "கடல் தண்ணிய மணல் வடிகட்டிடுது" என்பார்கள். கரைந்த உப்பை மணல் பிடித்து வைக்காது. அது மழைத் தண்ணீர். மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது, ஏனென்றால் கடல்நீர் நல்ல நீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நூறு வருடத்துக்கும் முந்தைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் வைத்து இறைத்து மேல் மட்டத்தை ஒரு அடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு கீழிருந்து 40 அடி ஏறிவரும். கரையோரத்தில் போர் போட்ட வீடுகளில் கொஞ்ச காலத்தில் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

இப்படி இன்னும் எத்தனையோ. வைகை முகத்தில் இருக்கும் அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. இன்ஜின் இல்லாத அந்தக் காலத்தில் எந்தக் காற்றில் வந்து எந்தக் காற்றில் திரும்பியிருப்பார்கள் என்று கேட்டால் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை வாத்தியாருக்கு முன்னால் பதில் சொல்லும். வாடைக் காலத்தில் (வடகிழக்குக் காற்று) எங்கள் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்க, தென்கடலான மன்னார் வளைகுடா ஏன் அடங்கிக் கிடக்கிறது, கச்சானில் (தென்மேற்குக் காற்று) ஏன் அது அப்படியே மாறுகிறது என்பது இன்னொன்று. காற்று வரும் பக்கம் அலை எழும், குறுக்கே கிடக்கும் மண்டபம் முனையும் ராமேசுவரம் தீவும் மறுபக்கத்தை மறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறதே, மோட்டார் அந்த முழுப் பாரத்தையும் இழுப்பதில்லை, எதிர் எடை தொங்குகிறது. ஏற்றம் இறைத்த தாத்தாவுக்குத் தெரிந்த கணக்குதான்.

கடைசியாக ஒன்று. அந்தக் கட்டம் உங்கள் மின்பதிப்பில் வருவதே இல்லை. மழை நாளில் இங்கே பேப்பர் வந்து சேர மத்தியானம் ஆகிவிடுகிறது, அதனால் அங்கேயும் போடச் சொல்லுங்கள், விடை இல்லாமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்