செல் ஹவுஸ்லேர்ந்து ஒரு கடுதாசி

டேய் முரளி,

எட்டு மாசமா ஒரு வரி எழுதல, தப்புதான், திட்டறதை இப்பவே திட்டி முடிச்சுடு. வீட்ல எல்லாரும் சௌக்கியம், என் முட்டி வலியும் சௌக்கியம்.

விஷயம் என்னன்னா, என்னை ஆபீஸ்லேர்ந்து தூக்கி செல் ஹவுஸ்ல போட்டுட்டாங்க, அதான் ஃபேக்டரில உப்புத்தண்ணிக்கு கரண்ட் விடற கூடம். கெமிஸ்ட்ரில நான் வாங்குன மார்க் உனக்குத் தெரியும், சிரிக்காத. உப்புத்தண்ணில கரண்ட் விட்டா ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும்னு நாமளும்தான் மனப்பாடம் பண்ணோம், ஆனா இங்க கரண்ட் விடறது பெரிய வேலையே இல்லடா, வந்ததுங்களை ஒண்ணோட ஒண்ணு சேரவிடாம பாத்துக்கறதுதான் வேலை. செல்வத்தையும் ரவியையும் ஒரே ரூம்ல விடமாட்டோமே, அதே கதை. குளோரினும் காஸ்டிக்கும் சேந்தா பிளீச் ஆயிடும், சூடா இருந்தா குளோரேட் வரைக்கும் போயிடும், ஹைட்ரஜனோட சேந்தா வெடிதான். நடுவுல காவலுக்கு நிக்கறது ஒரு மெம்பரேன், அதாவது ஒரு மெல்லிசு சவ்வு, விசிட்டிங் கார்டு கனம்கூட தேறுமான்னு தெரியல. சோடியத்தை மட்டும் அந்தப் பக்கம் விடும். அதுக்குப் பண்ற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட பண்ணமாட்டாங்க, உப்புத்தண்ணில கால்சியமும் மக்னீசியமும் 100 கோடி பங்குல 20 பங்கைத் தாண்டக்கூடாதாம்!

முதல் நைட் ஷிஃப்ட்ல ஒருத்தர் ஒரு குச்சில துணியைச் சுத்தி அமோனியால நனைச்சு பைப் ஜாயிண்ட் ஜாயிண்டா காட்டிட்டே போனார், என்னடா இது தீபாராதனைன்னு நெனச்சேன். ஒரு இடத்துல குபுக்குன்னு வெள்ளைப் புகை. குளோரின் லீக். மூக்குக்குத் தெரியறதுக்குள்ள கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சு.

இப்ப என் புலம்பலைக் கேளு. 1 டன் குளோரின் வந்தா கூடவே 1.13 டன் காஸ்டிக்கும் 28 கிலோ ஹைட்ரஜனும் வந்தே தீரும், இதுல எது வேணும் எது வேணாம்னு நாம சொல்ல முடியாது. போன வாரம் காஸ்டிக்குக்கு லாரி வரிசையா நிக்குது, குளோரின் வாங்க ஆள் இல்ல. காஸ்டிக்னா டேங்க்ல ஊத்தி மாசக்கணக்குல வெச்சுக்கலாம், குளோரினை அப்படி எவ்ளோ நாள் கட்டி வெச்சுக்கறது? செல்லுக்கு விடற கரண்ட்டையே குறைச்சுட்டோம், காஸ்டிக்கும் கூடவே குறைஞ்சுடுச்சு. அதாவது குளோரின் வாங்கற பிவிசி பைப் வியாபாரம் ஓடலேன்னா சோப்புக்கும் பேப்பருக்கும் காஸ்டிக் கிடையாது! என்ன சம்பந்தம் சொல்லு, ஆனா இருக்கு. அன்னிக்கு முழுக்க லாரி டிரைவர்கள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நான்தான்.

இன்னொண்ணு, வீட்ல இன்னும் சொல்லல. சாம்பிள் எடுக்கும்போது கிளவுஸ்ல ஒரு ஓட்டை. வலி எதுவும் இல்ல, விரல் மட்டும் வழவழன்னு இருந்துச்சு. தேய்ச்சுப் பாத்துட்டு நிக்கறேன், பக்கத்துல இருந்தவர் கையைப் புடிச்சு இழுத்துட்டுப்போய் குழாய்க்கு அடியில வெச்சுட்டார். கால் மணி நேரம் விடவே இல்ல. "வழவழன்னு இருக்கறது காஸ்டிக் இல்ல சார், உங்க தோல், சோப்பாகிட்டு இருக்கு"ன்னார். 32 சதவீத காஸ்டிக்டா அது. இப்ப ஆறிடுச்சு, அந்த விரல்ல மட்டும் தோல் புதுசா பளபளன்னு இருக்கு.

அடுத்த வாரம் டே ஷிஃப்ட், ராத்திரி போன் பண்ணு. விரல் மேட்டரை ரவிகிட்ட மட்டும் சொல்லிடாத, ஆயுசுக்கும் ஓட்டுவான்.

உன்
சேகர்