இரண்டாவது கியரும் ஊட்டிக் குளிரும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ பேசும்போது நம் ஆயில் கடையில் ஆள் நின்றதால் பாதியில் வைத்துவிட்டேன். இந்த ஆயில் நம்பர்களைப் போனில் சொன்னால் நீ மாற்றிப் போட்டுக்கொள்வாய். அதனால்தான் எழுதுகிறேன். தாளை அப்படியே மெக்கானிக் தம்பியிடம் நீட்டினாலும் சரி.

காலையில் இரண்டாவது கியர் விழமாட்டேன் என்கிறது, கர்ரென்று கத்துகிறது, கொஞ்ச தூரம் ஓடியதும் தானாகச் சரியாகிவிடுகிறது என்றாய். "பழைய மாருதி 800 தானே அக்கா, தேய்ஞ்சு போச்சு, 140 ஆயில் ஊத்திட்டா அடங்கிடும்" என்று அந்தத் தம்பி சொன்னாராம். ஊற்ற விடாதே. தேய்மானம் என்றால் சூடான பிறகும் கத்தும். காலையில் மட்டும் முரண்டு பிடித்தால், முதலில் பார்க்க வேண்டியது ஆயிலைத்தான். கியர் மாற்றும்போது உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங், சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்து வேகத்தைச் சமமாக்க வேண்டும். ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தால் அதனால் முடியாது. இதில் இன்னும் கெட்டியான 140 ஊற்றினால் பத்து மணி வரைக்கும் உனக்கு இரண்டாவது கியர் கிடையாது.

இங்கே இருந்தவரை வண்டியில் இருந்தது வெறும் 90 என்று அச்சடித்த கியர் ஆயில். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் அது பேசாமல் ஓடியது. ஏலகிரியின் 14 வளைவுகளையும் அதே ஆயிலோடுதான் ஏறி இறங்கினோம். ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், மார்கழி, தையில் புல்லெல்லாம் உறைபனி. வெறும் 90 என்றால் அந்த ஆயிலுக்குக் குளிர் சோதனை என்ற ஒன்றே கிடையாது. குளிருக்கான டபிள்யூ எண் முன்னால் சேர்ந்த 80டபிள்யூ-90 என்றால் மைனஸ் 26 டிகிரியிலும், 75டபிள்யூ-90 என்றால் மைனஸ் 40 டிகிரியிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுகக் கூடாது என்று விதி. உனக்கு வேண்டியது 75டபிள்யூ-90. 90 என்பதைப் பார்த்து, என்ஜின் ஆயில் 40-ஐ விட இரண்டு மடங்கு கெட்டி என்று பயப்படாதே. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்பார்கள். கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. சூட்டில் 90 கியர் ஆயிலும் 40, 50 என்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

அடுத்தது நம்பரை விட முக்கியம். எந்த வேலைக்கான கியர் ஆயில் என்று சொல்கிற குறியீடு ஜி.எல். கேனில் ஜி.எல்-4 என்று இருக்க வேண்டும். ஐந்து என்றால் நான்கை விட உசத்தி என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் ஜி.எல்-5 கேட்கிறார்கள். ராணிப்பேட்டை லாரிக்காரர் பின் அச்சில் இருக்கிற கிரவுன் பல்சக்கரத்துக்குக் கேட்டால் நானே அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். உன் தாத்தா வைத்திருந்த அம்பாசடர் கிரவுனுக்கும் அதுவே சரி. அந்த மாதிரி கிரவுனில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். அதைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். 800-இல் என்ஜின் குறுக்காகப் படுத்திருக்கிறது, கியர்பாக்ஸும், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள், பற்களும் சாதாரணச் சாய்வுப் பற்கள். அங்கே ஜி.எல்-5-க்கு வேலையே இல்லை. சிங்க்ரோ ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும், சில ஆயிலில் அந்தக் கந்தகமே நாளடைவில் பித்தளையை அரிக்கும். இரண்டு கேனும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கடைக்காரர் கையில் எடுத்ததை வாங்கிக்கொண்டு வராதே, எழுத்தைப் படி.

மாற்றும்போது பக்கத்தில் நில். முதலில் மேலே ஆயில் ஊற்றுகிற பிளக்கைக் கழற்றச் சொல், அது வந்த பிறகுதான் கீழ் பிளக்கில் கை வைக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலது துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். கொஞ்சம் ஓட்டிவிட்டுச் சூடாக வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடித்ததில் கறுப்பாக மை மாதிரி இருந்தால் கவலைப்படாதே. மஞ்சளாக மினுமினுத்தால் பித்தளை தேய்கிறது. கைக்குச் சில்லு தட்டினால் எனக்கு உடனே போன் பண்ணு. ஊற்றும்போது சமதரையில், ஓட்டை விளிம்பில் வழியும்வரை. அதுதான் அளவு.

புது ஆயிலிலும், சூடான பிறகும் கத்தினால் அப்போது கிளட்ச் கேபிளைப் பார்க்கட்டும், அப்புறம் சிங்க்ரோவைப் பேசலாம். பாக்ஸை இறக்குகிற செலவுக்கு இப்போதே தலையாட்டாதே.

என்ஜினுக்கு 15டபிள்யூ-40 போதும். முன்னால் இருக்கிற எண் உன் ஊட்டிக் காலைக்கு, பின்னால் இருக்கிறது நீ மே மாதம் வேலூர் வரும்போது பெங்களூரு சாலை வெயிலுக்கு. 20டபிள்யூ-50 ஊற்றினாலும் என்ஜின் ஓடும்தான், ஆனால் குளிரில் மேலே வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் வரை ஏற நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில்தான் தேய்மானம். மாப்பிள்ளையின் புது வண்டிக்கு வாங்கி மீந்த 0டபிள்யூ-20-ஐ வீணாகிறதே என்று இதில் ஊற்றச் சொன்னால், நான் வேண்டாம் என்றேன் என்று சொல். இந்த என்ஜினின் இடைவெளிகள் அவ்வளவு தண்ணி ஆயிலுக்கு வெட்டியவை அல்ல. சூட்டில் ஐடிலில் ஆயில் அழுத்தம் குறைந்து ஆயில் லைட் கண் சிமிட்டும். லாரிக்கு விற்கிற 15டபிள்யூ-40 மலிவாகக் கிடைக்கும். அதன் கேனில் டீசலுக்கான 'சி' எழுத்து வரிசையோடு பெட்ரோலுக்கான 'எஸ்' வரிசையும் அச்சாகியிருந்தால் மட்டும் வாங்கலாம்.

இன்னொன்று, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர் என்கிறாய். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறாய். மலை உயரத்தில் காற்று வேறு மெல்லிசு, கார்புரேட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத்தான் விடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார், பெட்ரோல் வாடை தூக்கினால் ஆயில் நீர்த்துவிட்டது. அளவு கூடிக்கொண்டே போனாலும் அதே சந்தேகம்தான். கிலோமீட்டர் கணக்கை நம்பாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றிவிடு. ஆயில் கறுத்துப் போச்சு என்று மட்டும் யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதே. அழுக்கைத் தன்னில் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர் வரை போய்வந்தால் என்ஜினுக்கும் நல்லது, உனக்கும்.

அங்கே தேடி அலைய வேண்டாம். மாமா அடுத்த வாரம் வேனில் கோயம்புத்தூர் வருகிறார். சீல் பிரிக்காத கியர் ஆயில், என்ஜின் ஆயில், ஃபில்டர், இரண்டு பிளக்குக்கும் புது வாஷர் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன், மேட்டுப்பாளையம் வரை வந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். காலி கேனை அப்படியே குப்பையில் போடாதே, கத்தியால் ஒரு குத்துக் குத்திப் போடு. போலி ஆயில் நிரப்புகிறவர்கள் அதற்காகத்தான் அலைகிறார்கள். வடித்த பழைய ஆயிலை மெக்கானிக்கிடமே விட்டுவிடு, சாக்கடையில் ஊற்ற விடாதே.

அதுவரை காலையில் இரண்டாவது கியரை இடித்துத் தள்ளாதே. நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தி மெதுவாகப் போடு.

இப்படிக்கு,
அம்மா